வாங்கும்போது சிவப்பு, மூன்றாம் வாரம் பச்சை

2023 ஆகஸ்ட் 6, கேள்வி (திருச்சியிலிருந்து)

இரண்டடி மீன் தொட்டி, ஆறு மாதமாக ஓடுகிறது. கடையில் பார்த்தபோது ரோடாலா என்ற நீர்ச்செடி ரத்தச் சிவப்பாக இருந்தது. நட்டு மூன்று வாரம் ஆகிறது. கீழ் இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது, புதிதாக வரும் இலை பச்சை. கடைக்காரர் இரும்புச் சத்து பாட்டிலைக் காட்டி, இதை ஊற்றினால் சிவந்துவிடும் என்கிறார். வாங்கலாமா? செடிக்கான கார்பன் டை ஆக்சைடு கேஸ் வைக்கவில்லை. மேலே 18 வாட் லைட், ஒரு நாளைக்கு 10 மணி நேரம். காவிரித் தண்ணீர்தான். படம் வைத்திருக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 6, இரவு, என் பதில்

வாங்குங்கள். இரும்பு இல்லாமல் சிவப்பு வராது. கூடவே லைட்டை மாற்றுங்கள், 18 வாட் போதாது. இதே அளவுத் தொட்டிக்கு நான் 30 வாட் ஃப்ளட் லைட்டைத் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஆனால் 10 மணி நேரம் வேண்டாம், பாசி பிடித்துவிடும். 7 மணி நேரம் போதும்.

கீழ் இலை உதிர்ந்ததற்குப் பயப்பட வேண்டாம். பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரத்தட்டில், நல்ல வெளிச்சத்தில் வளர்க்கிறார்கள். ரோடாலா ரோட்டுண்டிஃபோலியா வெளியே வளரும்போது வட்ட இலை விடும். மூழ்கியபின் அந்த இலைகளைக் கைவிட்டு, மெல்லிய நீள இலையாக விடத் தொடங்கும். நீங்கள் வாங்கிவந்த சிவப்பு வெயிலில் வந்த சிவப்பு. அது போய்விட்டது. இனி வருவதுதான் உங்கள் தொட்டியின் நிறம்.

சிவப்பு ஏன் வருகிறது என்று தெரிய மாமரத்தைப் பாருங்கள். தளிர் விடும்போது செம்பு நிறம், முற்றினால் பச்சை. அரச மரமும் அப்படித்தான். இளம் இலைக்குக் கடும் வெளிச்சத்தைத் தாங்கும் திறன் குறைவு. சிவப்புச் சாயம் குடை மாதிரி நின்று பச்சையத்தைக் காப்பாற்றுகிறது. தொட்டியில் நுனி சிவந்தும் அடி பச்சையாகவும் இருப்பதற்கும் இதுவே காரணம். நுனிதான் லைட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

2023 ஆகஸ்ட் 9

மூன்று நாளாக மனசு உறுத்துகிறது. "இரும்பு இல்லாமல் சிவப்பு வராது" என்று எழுதியது பாதிதான் உண்மை. பச்சையம் உண்டாகவே இரும்பு வேண்டும். அது குறைந்தால் புது இலை வெளுத்து மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புது இலை ஒரே சீரான பச்சை. இரும்புக் குறை அங்கே இல்லை. போதுமான அளவு இருக்கும்போது மேலும் ஊற்றினால் சிவக்கும் என்பதற்கு என் தொட்டியில் நான் எந்தச் சாட்சியும் பார்த்ததில்லை. எல்லோரும் சொல்கிறார்கள் என்று நானும் சொல்லிவிட்டேன்.

இதில் என் அனுபவமே எனக்கு எதிராக இருக்கிறது. 2019-இல் நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கிவந்து, கால் கரண்டி கரைத்து ஊற்றினேன். பெரம்பூர் போர்த் தண்ணீர், கடினத்தன்மை அதிகம். சாயங்காலத்துக்குள் தொட்டி முழுக்கத் துரு நிறத்தில் கலங்கி, கண்ணாடியில் மஞ்சள் படிந்துவிட்டது. அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட். காரத் தண்ணீரில் அது சீக்கிரமே துருவாகிப் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. அதனால்தான் இரும்பைப் பிடித்துவைக்கும் ஒரு பொருளோடு சேர்த்து விற்கிறார்கள். உரக்கடையில் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. இரும்பு, பி.ஹெச். 6.5-க்கு மேல் பிடி தளரும். டி.டி.பி.ஏ. இரும்பு 7.5 வரை தாங்கும். நம் ஊர்த் தண்ணீருக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

பாட்டில் வாங்க வேண்டாம் என்று மாற்றிச் சொல்கிறேன். லைட் விஷயம் அப்படியே நிற்கட்டும்.

2023 ஆகஸ்ட் 27

நேற்று ஒரு கடையில் "ரெட் லுட்விஜியா" (சிவப்பு இலை விடும் ஒரு நீர்ச்செடி) என்று எழுதிவைத்திருந்த கட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பொன்னாங்கண்ணி. நம் வீட்டில் பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கிற சிவப்புப் பொன்னாங்கண்ணியேதான். பக்கத்தில் இன்னொரு கட்டு, அடிப்பக்கம் ஊதா நிறம், மேலே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெமிகிராஃபிஸ். கேரளத்தில் முறிகூட்டி என்பார்கள், வெட்டுக்காயத்துக்குப் போடுவது. இரண்டும் நிலத்துச் செடி. தண்ணீருக்குள் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம் தாங்கும், பிறகு தண்டு அழுகும். அழுகினால் அம்மோனியா ஏறும், மீன் சாகும்.

புதிதாகத் தொடங்குகிறவர் இதை வாங்கி, செத்ததும், தனக்குக் கைராசி இல்லை என்று தொட்டியையே மூடிவிடுகிறார். எனக்கு இது மிகவும் வருத்தமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அப்படி விட்டிருக்கிறார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி: கட்டைத் தண்ணீருக்கு வெளியே தூக்குங்கள். தண்டு விறைப்பாக நிமிர்ந்து, இலை தடித்து, மெழுகு பூசினதுபோல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடினால் அது வெளியே வளர்ந்த இலை. நீர்ச்செடியின் மூழ்கிய இலை துவண்டு கையில் ஒட்டிக்கொள்ளும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பண்ணையில் வெளியே வளர்த்த நிஜ நீர்ச்செடியும் விறைப்பாகத்தான் இருக்கும். அதனால் சந்தேகம் வந்தால் பெயரைக் கேளுங்கள், செல்போனில் படம் பார்த்து ஒப்பிடுங்கள். தொட்டிக்கு ஏற்றது ஆல்டர்நாந்தெரா ரெய்னெக்கி என்ற தென்னமெரிக்கச் செடி. அதன் குட்டை வகையைத்தான் ஏ.ஆர். மினி என்கிறோம். பொன்னாங்கண்ணிக்குச் சொந்தக்காரச் செடி, ஒரே பேரினம். அதனால் குழப்பம் வருவது இயல்புதான், ஆனால் விற்கிறவருக்கு வரக்கூடாது.

2023 அக்டோபர் 15

திருச்சி நண்பர் லைட்டை மாற்றிவிட்டார். செடி கொஞ்சம் சிவந்து, பிறகு இலையெல்லாம் கறுப்பு மயிர் மாதிரி பாசி பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தேன், தாடிப்பாசி. இதற்கு நான்தான் பொறுப்பு. கேஸ் இல்லாத தொட்டியில் லைட்டை மட்டும் கூட்டச் சொன்னேன். வெளிச்சம் அதிகமானால் செடியின் பசி கூடும். சாப்பாடு இல்லாமல் பசியை மட்டும் கூட்டினால் செடி திணறும், பாசி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே சாப்பாடு என்று முதலில் நினைக்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடு. காற்றிலிருந்து தண்ணீர் தானாக வாங்கிக்கொள்வது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. மீன் மூச்சும் மண்ணில் மக்குவதும் சேர்ந்து 2 அல்லது 3 ஆகலாம். சிவப்புச் செடி வளர்க்கிறவர்கள் வைத்திருப்பது 30 பக்கம். டிராப் செக்கரில் (கேஸ் அளவை நிறத்தால் காட்டும் சின்னக் குப்பி, தொட்டிக்குள் வைப்பது) நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து.

சிலிண்டர் செட் விலை அதிகம். நான் முதல் இரண்டு வருஷம் சர்க்கரையும் ஈஸ்ட்டும்தான் வைத்தேன். 2 லிட்டர் பாட்டில், 200 கிராம் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீர். மூடியில் துளை போட்டு டியூப். குளிர்காலத்தில் இரண்டு வாரம் வரும். சென்னை வெயிலில் முதல் மூன்று நாள் பொங்கிவிட்டு ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடும். டியூப் நடுவில் ஒரு சின்ன காலி பாட்டில் வையுங்கள், இல்லையென்றால் நுரை நேரே தொட்டிக்குள் போகும்.

கேஸ் வேண்டவே வேண்டாம் என்றால் ரோடாலாவை விட்டுவிடுங்கள். டைகர் லோட்டஸ் வையுங்கள். மேற்கு ஆப்பிரிக்க அல்லி, கிழங்கிலிருந்து வரும், கேஸ் இல்லாமலே இலை சிவப்பாக இருக்கும். மேலே மிதக்கப் போகிற இலையை மட்டும் அடியோடு கிள்ளிக்கொண்டே இருந்தால் தண்ணீருக்குள்ளேயே புதராக நிற்கும். இலங்கைச் செடியான கிரிப்டோகோரைன் வெண்டியின் பழுப்பு வகையும் நல்லது. அது சிவப்பு இல்லை, செங்கல் பழுப்பு. ஆனால் சாகாது. நட்ட புதிதில் இலை எல்லாம் கரைந்துபோகும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், வேரிலிருந்து திரும்ப வரும்.

2023 நவம்பர் 5

சின்னக் குறிப்பு. இணையத்தில் வரும் படங்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். சிவப்பு விளக்குகள் கலந்த லைட்டின்கீழ் சுமாரான செடியும் பற்றி எரிகிற மாதிரி தெரியும். வெறும் வெள்ளை லைட்டில் அதே செடி பழுப்பு. உங்கள் செடியின் நிஜ நிறம் தெரிய வேண்டுமென்றால் ஒரு நுனியைக் கிள்ளி, வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டுப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நான் இப்போது மாதா மாதம் அப்படித்தான் படம் எடுத்து வைக்கிறேன், ஒரே தட்டு, ஒரே ஜன்னல், காலை 9 மணி.

2023 டிசம்பர் 10

மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். 4-ஆம் தேதி காலையில் போன கரண்ட் 7-ஆம் தேதிதான் வந்தது. ஃபில்டர் இல்லை, லைட் இல்லை. வெளிச்சம் இல்லாவிட்டால் செடியும் மீனைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அடர்த்தியாகச் செடி வைத்த தொட்டியில் இருட்டு நீண்டால் மீன்தான் முதலில் தவிக்கும். முதல் நாள் இரவே நியான் டெட்ரா எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்தன. அம்மாவும் நானும் முறைபோட்டு, மணிக்கு ஒரு தடவை, சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். 12-இல் 9 பிழைத்தன.

சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டதால் குழாய்த் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்ற முடியவில்லை. மாடியில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு மாற்றினேன். உரம் ஊற்றுவது பற்றி நினைக்கவே நேரம் இல்லை. வீடு முழுக்கச் சேறு.

2023 டிசம்பர் 31

இதை எழுதும்போது கை பரபரக்கிறது. இன்று காலை தட்டில் ரோடாலா நுனியைப் போட்டுப் பார்த்தேன். நான்கு வருஷத்தில் இப்படி ஒரு சிவப்பைப் பார்த்ததில்லை. நவம்பர் படத்தில் வெளிர் ஆரஞ்சு. இன்று மாதுளம் முத்து. லுட்விஜியாவும் அப்படியே. லைட் அதே லைட், கேஸ் அதே அளவு. இரும்பு ஒரு சொட்டுக்கூட நான் ஊற்றவில்லை.

மாறியவை மூன்று. மென்மையான மழைத் தண்ணீர். நாலு வாரமாக உரம் இல்லை. மார்கழிக் குளிரில் தொட்டி 25 டிகிரி. எது காரணம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏ.ஆர். மினி மட்டும் சிவக்கவில்லை. அடி இலை மஞ்சளாகிப் பொத்தல் விழுந்திருக்கிறது.

2024 ஜனவரி 16

பொங்கல் விடுமுறையில் நாலு கண்ணாடித் தொட்டி, ஒவ்வொன்றும் 15 லிட்டர், ஹாலில் வரிசையாக வைத்துவிட்டேன். இரண்டில் மழைத் தண்ணீர், இரண்டில் போர்த் தண்ணீர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு நைட்ரேட் உண்டு, மற்றதற்குக் கிடையாது. பாஸ்பேட், பொட்டாசியம், நுண்சத்து நாலுக்கும் ஒன்றுதான். மீன் இல்லை, ஏனென்றால் மீன் கழிவே நைட்ரேட்டாக மாறும். ஒவ்வொன்றிலும் 5 ரோடாலா, 3 லுட்விஜியா, 3 ஏ.ஆர். மினி. கேஸ் ஒரே பாட்டிலிலிருந்து நாலாகப் பிரிகிறது, சமமாகப் பிரியவில்லை என்பது தெரியும். இதைவிடச் சரியாகச் செய்ய என்னிடம் வசதி இல்லை.

2024 ஜனவரி 27

மழைத் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டிலும் புது இலை சுருண்டு திருகிக்கொண்டு வருகிறது. மழைத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கிடையாது, அதை மறந்துவிட்டேன். ஜிப்சமும் எப்சம் உப்பும் சேர்த்தாயிற்று. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கும் இதேதான்.

2024 மார்ச் 3

ஏழு வாரம் ஆயிற்று. நைட்ரேட் இல்லாத இரண்டு தொட்டியிலும் ரோடாலா நல்ல சிவப்பு, லுட்விஜியா நல்ல சிவப்பு. போர்த் தண்ணீரானாலும் மழைத் தண்ணீரானாலும் அப்படித்தான். இலை சிறுத்திருக்கிறது, வளர்ச்சி மெதுவாகிவிட்டது, ஆனால் நிறம் வந்துவிட்டது. நைட்ரேட் கொடுத்த இரண்டிலும் செடி கொழுகொழுவென்று இருக்கிறது, நிறம் ஆரஞ்சோடு நிற்கிறது.

ஏ.ஆர். மினி நேர் எதிர். நைட்ரேட் கொடுத்த இடத்தில் கருஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. கொடுக்காத இடத்தில் நோஞ்சானாகி, அடி இலை போய், சிவப்பும் மங்கிவிட்டது. ஒரே தொட்டியில், ஒரே லைட்டின்கீழ், ஒரு சிவப்புச் செடிக்கு நல்லது இன்னொன்றுக்குக் கெடுதல். ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆகஸ்டில் நான் இரும்பு பற்றி எழுதியதைப் படித்துப் பாட்டில் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் மன்னிக்க வேண்டும்.

உரம் கேட்டவர்களுக்கு: உரக்கடையில் 13-0-45 என்று கேளுங்கள், அது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 பாஸ்பேட்டுக்கு. 0-0-50 பொட்டாசியத்துக்கு. ஒரு கிலோ வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். 19-19-19 மட்டும் வேண்டாம். அதில் யூரியாவும் அம்மோனியமும் கலந்திருக்கும், நம் காரத் தண்ணீரில் அம்மோனியம் அம்மோனியாவாகி மீனைக் கொல்லும். இரண்டடித் தொட்டியில் மண், கல் போக 45 லிட்டர் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், 36 கிராம் 13-0-45-ஐ 100 மி.லி. தண்ணீரில் கரைத்து, 10 மி.லி. ஊற்றினால் லிட்டருக்குச் சுமார் 10 மி.கி. நைட்ரேட் ஏறும்.

2024 மார்ச் 4, காலை

நேற்றுக் கடைசி வரியில் பெரிய தவறு. 100 மி.லி. இல்லை, 500 மி.லி. நேற்று எழுதியபடி கரைத்தால் ஐந்து மடங்கு ஏறிவிடும். 36 கிராம், 500 மி.லி., அதில் 10 மி.லி. யாராவது கரைத்து வைத்திருந்தால் ஊற்றாதீர்கள். அந்தக் கரைசலோடு இன்னும் 400 மி.லி. தண்ணீர் சேர்த்துவிடுங்கள்.

2024 மார்ச் 17

பிடிபட்டுவிட்டது என்று நினைக்கிறேன், அதுவும் அடுப்பங்கரையில்.

அம்மா சிவப்புத் தண்டுக்கீரை வேகவைத்துக்கொண்டிருந்தார். கீரை வெந்த தண்ணீர் பீட்ரூட் தண்ணீர் மாதிரி இருந்தது. பக்கத்து டம்ளரில் சங்குப்பூ டீ. எலுமிச்சை பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறியது. கீரைத் தண்ணீரில் பிழிந்தேன், நிறம் அப்படியே இருந்தது. இரண்டும் வேறு வேறு சாயம். சங்குப்பூவில் ஆந்தோசயனின். பீட்ரூட், தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி வகையறாவில் பீட்டாலைன். ஒரே செடியில் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதில்லை.

உடனே தொட்டியில் கை வைத்தேன். வெட்டிப்போட்ட லுட்விஜியாவை நசுக்கி வெந்நீரில் ஊறவைத்து எலுமிச்சை பிழிந்தால் பளிச்சென்று ரோஜா நிறம். சமையல் சோடா போட்டால் அழுக்குப் பச்சை. ரோடாலாவும் அதேபோல். ஏ.ஆர். மினியை நசுக்கிப் பிழிந்தேன், பீட்ரூட் போலவே அசையாமல் நின்றது.

இப்போது மார்ச் 3 கணக்கைப் பாருங்கள். பச்சையத்தில் நைட்ரஜன் உண்டு, புரதத்தில் உண்டு. ஆந்தோசயனினில் இல்லை. நைட்ரஜன் குறைந்தால் செடி பச்சையத்தையும் வளர்ச்சியையும் குறைக்கிறது. வெளிச்சத்தில் செய்த சர்க்கரை மிச்சமாகிறது. அது சிவப்புச் சாயமாகப் போய்ச் சேருகிறது. பீட்டாலைன் அப்படியில்லை. அது டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து வருவது, அதற்கே நைட்ரஜன் வேண்டும். பட்டினி போட்டால் ஏ.ஆர். மினி எதை வைத்துச் சிவக்கும்? இது என் சமையலறைக் கணக்குதான், ஆனால் நாலு தொட்டியிலும் கண்டது இதோடு ஒத்துப்போகிறது.

அதனால் "சிவப்புச் செடிக்கு என்ன உரம்" என்று கேட்டால் எந்தச் செடி என்றுதான் முதலில் கேட்பேன். ரோடாலாவும் லுட்விஜியாவும் என்றால் நைட்ரேட்டை லிட்டருக்கு 5 மி.கி. பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், சுழிக்கு இறக்காதீர்கள். மீன் நிறைய இருந்தால் தனியாக ஊற்றவே வேண்டியிருக்காது. ஏ.ஆர். மினி சேர்ந்திருந்தால் அதன் வேரடியில் உர மாத்திரை புதைத்துவிடுங்கள், தண்ணீரில் குறைவாகவே இருக்கட்டும். என் பெரிய தொட்டியில் இப்போது அப்படித்தான்.

2024 மே 12

ரோடாலா மேக்ராண்ட்ரா போய்விட்டது. பிப்ரவரியில் ஒருவர் ஐந்து தண்டு கொடுத்தார். ரோடாலாக்களில் அதைவிட அழகானது எனக்குத் தெரியாது. அகன்ற இலை, மெல்லிய பட்டுத்துணி மாதிரி, உள்ளே வெளிச்சம் ஊடுருவும். மார்ச்சில் பதினைந்து தண்டு ஆக்கியிருந்தேன். ஏப்ரல் கடைசியில் தொட்டி 32 டிகிரி. நடுத்தண்டு கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் துண்டு துண்டாக உடைந்தது. நாலு நாளில் எல்லாம் முடிந்தது.

அது நம் பக்கத்துச் செடி, தென்னிந்தியாவில்தான் தானாக வளர்கிறது, கேரளம் கர்நாடகம் பக்கம். உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்கிறது, சென்னையில் என் ஹாலில் நிற்கவில்லை. மென்மையான தண்ணீர் கொடுத்தேன், கேஸ் கொடுத்தேன், குளிர்ச்சியைக் கொடுக்க முடியவில்லை. தண்ணீர் சூடானால் அதில் கேஸும் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும், செடி மூச்சு விடுவதோ வேகமாகும். சம்பாதிப்பதைவிடச் செலவு அதிகமாகிவிடுகிறது.

2024 மே 13

வெயிலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்வது: மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் பரப்பைத் தொட்டுக்கொண்டு போகும்படி சின்ன ஃபேன். ஆவியாவதால் 2 டிகிரி இறங்குகிறது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஒன்றுகூட இறங்காது. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு தொட்டியிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். லைட்டை மத்தியானத்திலிருந்து மாற்றி, இரவு 7 மணிக்குமேல் 6 மணி நேரம் வைத்திருக்கிறேன். ஐஸ் கட்டி போட வேண்டாம், ஏறி இறங்குவது மீனுக்கு நல்லதில்லை.

ரோட்டுண்டிஃபோலியா 32-இலும் தாங்குகிறது. நிறம் வெளிறும், சாகாது. அதற்கு ஒன்றுவிட்ட சொந்தங்கள் நம் நெல்வயலில் களையாக முளைப்பவை.

2024 ஜூன் 30

ஊருக்குப் போயிருந்தேன், உத்திரமேரூர் பக்கம். சித்தப்பா மாட்டுத் தீவனத்துக்கு அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி வளர்க்கிறார். பாதிப் பாத்தி செங்கல் நிறத்தில் இருந்தது. நான் அழகாக இருக்கிறது என்றேன். அவர், "சிவந்தால் பசி என்று அர்த்தம், சூப்பர் பாஸ்பேட் போடணும்" என்றார். அசோலாவுக்குப் பாஸ்பரஸ் குறைந்தாலும் கடும் வெயில் பட்டாலும் சிவக்கும் என்பது அதை வளர்க்கிறவர்களுக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம். நாலு தொட்டி வைத்து ஏழு வாரம் நான் தேடியதில் பாதி அந்தப் பாத்தியிலேயே இருந்தது.

அவர் சொன்னதிலிருந்து ஒரு யோசனை. பசியால் வரும் சிவப்புக்கு எல்லை உண்டு. நாலு தொட்டியில் நைட்ரேட் இல்லாத இரண்டையும் நான் மே வரை அப்படியே விட்டிருந்தேன். ஏப்ரலில் ரோடாலா இலை நகக்கண் அளவுக்குச் சிறுத்து, நுனி கருகி, இலைமேல் பாசி உட்கார ஆரம்பித்தது. முதலில் நன்றாகத் தின்று வளர்ந்த தண்டு, பிறகு கொஞ்சம் குறைத்துக் கொடுப்பது, இந்த வரிசையில் போனால்தான் நிறமும் நிற்கிறது செடியும் நிற்கிறது. நட்ட அன்றிலிருந்தே பட்டினி போட வேண்டாம். மார்ச் 17-இல் இதை நான் தெளிவாகச் சொல்லவில்லை.

2024 ஆகஸ்ட் 11

திருச்சியிலிருந்து படம் வந்திருக்கிறது. ஒரு வருஷம் ஆகிவிட்டது. சர்க்கரை பாட்டில்தான், லைட்டைக் கொஞ்சம் உயர்த்தி 7 மணி நேரம். பழைய ரோடாலாவைப் பிடுங்கி எறியாமல், தாடிப்பாசி பிடித்த இலையெல்லாம் வெட்டிவிட்டு, நல்ல நுனியை மட்டும் திரும்ப நட்டு நட்டுப் புதராக்கியிருக்கிறார். முன்வரிசை ஆரஞ்சு, நுனி இரண்டு விரல்கடைக்குச் சிவப்பு. வெள்ளைத் தட்டில் போட்டு, ஜன்னல் பக்கம் எடுத்த படம்.

சிவப்பு இன்னும் கூட வேண்டும் என்று கேட்கிறார். டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் 20 காட்டுகிறதாம். கப்பி மீன்கள் நிறைய குட்டி போட்டிருக்கின்றன, அதுதான் காரணம். குட்டிகளில் பாதியை யாருக்காவது கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை 40 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், மூன்று வாரம் கழித்து அதே தட்டில் ஒரு படம் அனுப்புங்கள். எடுக்கும்போது நேரத்தையும் குறித்துவையுங்கள், முந்தைய படத்தோடு ஒப்பிட வேண்டும்.